நம்ம கம்பெனிங்க வெளிநாட்டுக்கு அனுப்புறதுல கடன் எவ்ளோ? நீங்களே கணக்கு பாக்குறது எப்படி

"இந்தியக் கம்பெனிகளின் வெளிநாட்டு முதலீடு எகிறியது"ன்னு மாசத்துக்கு ஒரு செய்தி வருதுல்ல, அந்த டோட்டல அப்படியே நம்பிடாதீங்க. அதுக்குள்ள பங்கு வாங்கப் போன காசு இருக்கும், கடனா குடுத்த காசு இருக்கும், ஒரு பைசா கூட போகாம "அவன் கட்டலன்னா நான் கட்டுறேன்"னு ஜாமீன் கையெழுத்து மட்டும் போட்டதும் இருக்கும், மூணையும் ஒரே சாக்குல போட்டுக் கட்டி எடை போட்டதுதான் அந்த நம்பர். இதுல கடன மட்டும் பிரிச்சு, அது கூடுதா குறையுதான்னு எப்படி பாக்குறதுன்னு சொல்றேன். எக்ஸெல் ஓரளவு தெரிஞ்சா போதும்.

முதல்ல ஃபைல் எடுங்க. ரிசர்வ் பேங்க் சைட்ல மாசாமாசம் வெளிநாட்டு நேரடி முதலீடு பத்தி கம்பெனிவாரியா ஒரு லிஸ்ட் போடுவாங்க. இந்தியக் கம்பெனி பேரு, வெளிநாட்டுக் கம்பெனி பேரு, அது கூட்டு நிறுவனமா முழுசா சொந்தமான சப்சிடியரியா (துணைக் கம்பெனி), எந்த நாடு, என்ன தொழில், அப்புறம் ஈக்விட்டி (பங்கு), லோன் (கடன்), கேரண்டினு (ஜாமீன்) மூணு காலம், கடைசில டோட்டல். எல்லாம் மில்லியன் டாலர்ல. ஒரு மாசத்த வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது, குறைஞ்சது மூணு வருஷத்து ஃபைல இறக்கி ஒரே ஷீட்ல ஒண்ணுக்குக் கீழ ஒண்ணா ஒட்டுங்க. ஒட்டும்போது ஒவ்வொரு மாசத்துக் கடைசில வர்ற டோட்டல் வரிய டிலீட் பண்ணுங்க. சிரிக்காதீங்க, நான் ஒருதடவ அத விட்டுட்டு சம் போட்டு, எல்லாம் சரியா ரெண்டு மடங்கா வந்து, மேனேஜருக்கு மெயிலும் அனுப்பிட்டேன். அவர் கேட்ட கேள்வி இன்னும் ஞாபகம் இருக்கு. கம்பெனி பேரும் ஒரு மாசம் "லிமிடெட்"னு முழுசா இருக்கும், அடுத்த மாசம் சுருக்கி இருக்கும், நடுவுல ஒரு ஸ்பேஸ் எக்ஸ்ட்ரா இருக்கும், பைவட் போடுறதுக்கு முன்னாடி அத சரி பண்ணலன்னா ஒரே கம்பெனி மூணு கம்பெனியா தெரியும்.

இப்ப ஒரு வரிய எப்படி படிக்கிறதுன்னு பாப்போம், நம்பர் சும்மா உதாரணத்துக்குதான். ஈக்விட்டி 1, லோன் 25, கேரண்டி 40, டோட்டல் 66. பேப்பர்ல இது "66 மில்லியன் டாலர் முதலீடு"ன்னு வரும். ஆனா பங்கா போனது 1 தான், 25 திரும்பி வரவேண்டிய கடன், 40 போகவே இல்ல. அந்த 40-க்கு வெளிநாட்டு பேங்க் ஒண்ணு சப்சிடியரிக்கு கடன் குடுத்திருக்கும், அதுக்கு இங்க இருக்குற தாய்க் கம்பெனி ஜாமீன். அதாவது கடன் இருக்கு, ஆனா இந்தியாவுல இருந்து போன கடன் இல்ல. இதனால லோன் காலத்த மட்டும் பாத்துட்டு "கடன் கம்மி ஆயிடுச்சு"ன்னு முடிவு பண்ணிடாதீங்க, பக்கத்துல கேரண்டி காலத்தயும் கூடவே பாக்கணும். 2010-ல ஏர்டெல், குவைத் டெலிகாம் கம்பெனி ஸைனோட ஆப்பிரிக்கா பிசினஸ 10.7 பில்லியன் டாலருக்கு வாங்கினப்ப காசுல பெரும்பகுதி கடன், அத வாங்கினது நெதர்லாந்துல இருந்த சப்சிடியரி, பேங்குங்க நம்பினது இங்க இருந்த தாய்க் கம்பெனிய. பெரிய கையகப்படுத்தல்னா ரூட்டு பெரும்பாலும் இதுதான்.

சரி, பங்கா போடாம ஏன் கடனா குடுக்குறாங்க? பங்கா போட்டா திரும்ப எடுக்க டிவிடெண்டுக்கு லாபம் வரணும், இல்ல பங்க விக்கணும், இல்ல மூலதனத்த குறைக்கணும், எல்லாம் இழுவை. கடன்னா அசல் எப்ப வேணா திரும்பலாம், அதுக்கு வரி கிடையாது, வட்டிய அந்த நாட்டு சப்சிடியரி பொதுவா செலவா காட்டிக்கலாம். அதுக்காக இஷ்டத்துக்கு குடுக்க முடியாது. 2022 ஆகஸ்ட் 22-ல வந்த புது விதிப்படி, முதல்ல அந்தக் கம்பெனில பங்கு முதலீடு இருக்கணும், கண்ட்ரோலும் கையில இருக்கணும், லோன் அக்ரிமெண்ட் இருக்கணும், வட்டி வெளி ஆளுக்கு குடுத்தா என்ன போடுவாங்களோ அந்த ரேட்ல இருக்கணும். பங்கு, கடன், கேரண்டி எல்லாம் சேர்த்து தாய்க் கம்பெனியோட நிகர மதிப்புல (சொத்துல கடன் போக மிச்சம்) 400 சதவீதத்த தாண்டக் கூடாது, ஒரு நிதியாண்டுல 1 பில்லியன் டாலருக்கு மேல போனா ரிசர்வ் பேங்க் கிட்ட முன்கூட்டியே அனுமதி.

இத ஏன் இவ்ளோ இழுக்குறேன்னா, ட்ரெண்டு கோட்டுல திடீர்னு ஒரு பள்ளம் தெரிஞ்சா அது பிசினஸ் படுத்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல, விதி மாறியிருக்கலாம். 2013 ஆகஸ்ட்ல ரூபா சரிஞ்சுட்டு இருந்தப்ப அந்த 400 சதவீத வரம்ப 100 ஆக்கிட்டாங்க, 2014 ஜூலைலதான் திரும்ப 400 ஆச்சு, அந்த 1 பில்லியன் வரம்பும் அப்ப வந்ததுதான். 2022 விதியிலயும் ஒரு நுணுக்கம் இருக்கு, திரும்ப மீட்டுக்கக்கூடிய ப்ரிஃபரன்ஸ் ஷேர் (டிவிடெண்டுல முன்னுரிமை உள்ள பங்கு) இப்ப கடன் பக்கம், கட்டாயமா சாதாரண பங்கா மாறுறது ஈக்விட்டி பக்கம். அதனால 2022-க்கு முன்னாடி பின்னாடின்னு நடுவுல ஒரு கோடு போட்டுட்டு ரெண்டையும் தனித்தனியா பாருங்க.

கணக்கு இப்படி போடுங்க. ஈக்விட்டியையும் லோனையும் கூட்டி, அந்தக் கூட்டலால லோன வகுங்க, கேரண்டிய இதுல சேக்காதீங்க, அத தனிக் கோடா பக்கத்துல வரைங்க. மாசக் கணக்குல பாத்தா ஈசிஜி மாதிரி குதிக்கும், அதனால ஒவ்வொரு மாசத்துக்கும் அதுவரைக்கும் வந்த கடைசி 12 மாசக் கூட்டல எடுத்து, அத நகர்த்திக்கிட்டே போங்க. அப்புறம் ஒவ்வொரு வருஷத்துலயும் பெரிய மூணு வரிய நீக்கிட்டு திரும்ப ஒருதடவ போடுங்க. பாதி "ட்ரெண்டு" அப்படியே காணாம போகும், ஏன்னா அது ஒரே ஒரு கம்பெனி தன் எண்ணெய் வயலுக்கோ மருந்து பிசினஸுக்கோ ஒரே தடவையில அனுப்பின காசா இருக்கும். மிச்சம் இருந்தா அதுதான் நிஜ ட்ரெண்டு.

இதுலயும் ஒரு ஓட்டை இருக்கு. இந்த ஃபைல்ல வர்றது போற பக்கம் மட்டும்தான், திரும்பி வந்த கடன கழிக்க மாட்டாங்க, கம்பெனி ஒத்துக்கிட்ட தொகைய பேங்க் ரிப்போர்ட் பண்றதுதான் இதுல ஏறுது. நிகரம் வேணும்னா ரிசர்வ் பேங்க் புல்லட்டின்ல (அவங்க மாத இதழ்) அந்நிய முதலீடு டேபிளுக்கு போங்க, இந்தியா வெளிய போட்ட நேரடி முதலீடுன்னு ஒரு பகுதி இருக்கும், அதுல ஈக்விட்டி, மறுமுதலீடு செஞ்ச லாபம், "அதர் கேப்பிடல்"னு பிரிச்சிருப்பாங்க. கடன்னு பேரு போட்டு தேடினா கிடைக்காது, அந்த அதர் கேப்பிடல்தான் குரூப்புக்குள்ள ஓடுற கடன். சில சமயம் அது மைனஸ்ல கூட வரலாம், பயப்படாதீங்க. புதுசா குடுத்தத விட திரும்பி வந்தது அதிகம்னு அர்த்தம், இல்ல வெளிநாட்டு சப்சிடியரியே அங்க கடன் வாங்கி இங்க இருக்குற தாய்க் கம்பெனிக்கு கடன் குடுத்திருக்கும், அதயும் கழிச்சுதான் காட்டுவாங்க. மறுமுதலீட்டு லாபம் மாச ஃபைல்ல கிடையாது, அதனால ரெண்டு டோட்டலும் ஒத்துப்போகலன்னு மண்டைய உடைச்சுக்காதீங்க, ஒத்துப்போகாது.

நாட்டுவாரியா பிரிக்கிறவங்களுக்கு ஒண்ணு. சிங்கப்பூர், மொரிஷியஸ், நெதர்லாந்து, அமீரகம் எல்லாம் மேல வந்து நிக்கும், அது காசு முதல்ல இறங்குற இடம், வேல செய்யுற இடம் இல்ல. நம்ம டிவிஎஸ் மோட்டார் 2020-ல நார்ட்டன் பைக் பிராண்ட 16 மில்லியன் பவுண்டுக்கு வாங்குச்சுல்ல, தொழிற்சாலை இங்கிலாந்துல, ஆனா நடுவுல நின்னு பங்க வெச்சிருக்கிற ஹோல்டிங் கம்பெனி சிங்கப்பூர்ல. நாடு காலத்த மட்டும் பாத்தா சிங்கப்பூர்ல பைக் செய்யுறாங்கன்னு நினைச்சுப்போம். எந்த நாட்டுக்கு எவ்ளோ பங்கு, எவ்ளோ கடன் நிலுவைல நிக்குதுன்னு பாக்க ஐஎம்எஃப் (சர்வதேச நாணய நிதியம்) வருஷா வருஷம் எடுக்குற நேரடி முதலீட்டு சர்வே இருக்கு, 2009 முடிவுல இருந்து கிடைக்கும், அது மாசாமாசம் போற காசோட ஓட்டம் இல்ல, வருஷக் கடைசில நிக்கிற இருப்பு, அதனால மாச ஃபைலோட நேரடியா ஒப்பிடாதீங்க.

கடைசியா, லிஸ்ட்ல ஒரே கம்பெனி ஒரே சப்சிடியரிக்கு மாசாமாசம் லோன் போட்டுட்டே இருந்தா அதோட ஆண்டறிக்கைய எடுங்க. தாய்க் கம்பெனியோட தனி பேலன்ஸ் ஷீட் நோட்ஸ்ல சப்சிடியரிக்கு குடுத்த கடன், வரவேண்டிய வட்டி ரெண்டும் இருக்கும், ஆண்டறிக்கையோட வர்ற ஏஓசி-1 ஃபார்ம்ல (சப்சிடியரிகளோட சுருக்கக் கணக்கு) அந்த சப்சிடியரி லாபமா நஷ்டமான்னு இருக்கும். வட்டி வருமானம்னு புக்ல எழுதிட்டே வர்றாங்க, ஆனா வரவேண்டிய வட்டியும் வருஷா வருஷம் ஏறிட்டே போகுது, சப்சிடியரியும் நஷ்டத்துலன்னா, அது கடன்னு பேரு வெச்ச பங்குதான், உங்க ஷீட்ல அதுக்கு ஒரு கலர் அடிச்சு வெச்சுக்கோங்க.