மலைப் பஞ்சாயத்துக்கு ஐந்து வருஷ வேலைத் திட்டம்

கோத்தகிரிப் பக்கம் ஓவர்சியராக இருக்கிறேன். புதிதாக வரும் பஞ்சாயத்துத் தலைவரிடம் "ரோடு எங்கே வேணும்?" என்று நான் கேட்பதில்லை. "எந்த மாசம் உங்க ஊர்ல கை சும்மா இருக்கு?" என்பேன். இங்கே ஜனவரி, பிப்ரவரியில் உறைபனி விழுந்து தேயிலைக் கொழுந்து குறையும், பறிக்கும் வேலையும் குறையும். பெரிய வேலையை அந்த மாதங்களில் வையுங்கள்.

அடுத்து, காசு யார் கைக்குப் போகிறது என்று பாருங்கள். 2005 ஊரக வேலை உறுதிச் சட்டம் (நூறு நாள் வேலைச் சட்டம்) நூறு ரூபாயில் கூலிக்கு 60-க்குக் குறையக் கூடாது, பொருளுக்கு 40-ஐத் தாண்டக் கூடாது என்று வகுத்தது. ஒப்பந்தக்காரரையும் ஒதுக்கி வைத்தது. கான்கிரீட் ரோடு என்றால் சிமென்ட்டும் லாரி வாடகையும் விழுங்கிவிடும். சரிவில் கல் தடுப்புச் சுவர் என்றால் அத்தனையும் கைவேலை. அஸ்திவாரத்தைக் கெட்டி மண்ணில் இறக்குங்கள். நீளக் கல்லைச் சுவருக்குக் குறுக்கே செருகி, மலைப்பக்கம் லேசாகச் சாய்த்துக் கட்டுங்கள். பின்னால் சல்லி நிரப்பி, தண்ணீர் வடிய ஓட்டை விடுங்கள். ஓட்டை இல்லாத சுவர் ஐப்பசி மழையில் வயிறு தள்ளும்.

மேஸ்திரி ஒவ்வொருவரோடும் இளவட்டம் இரண்டு பேரைச் சேருங்கள். முதல் வருஷம் கல் எடுத்துக் கொடுப்பவர் மூன்றாம் வருஷம் நூல் பிடிக்க வேண்டும். பெண்களுக்கு மண் சட்டி மட்டும் போதாது, அளவு டேப்பையும் கொடுங்கள்.

பராமரிப்பைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். செப்டம்பரில் வடிகால் தூர்வாரும் கூலியை ஆகஸ்ட் 15 கிராம சபைத் தீர்மானத்திலேயே ஏற்றிவிடுங்கள். தீர்மானத்தில் இல்லாத வேலைக்கு பில் போடச் சொல்லி என்னிடம் வராதீர்கள்.