டெல்லியில் வீட்டு பிரெட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

மே மாதத்தில் நாலைந்து மணி நேரத்தில் பொங்கி வழியும் இட்லி மாவு, ஜனவரியில் ஒரு நாள் முழுக்க வைத்தாலும் அசையாது. ஆர்.கே.புரத்திலோ மயூர் விஹாரிலோ குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. பிரெட் மாவும் அப்படித்தான். ஆனால் செய்முறையில் ‘ஒரு மணி நேரம் ஊற விடவும்’ என்று பார்த்துவிட்டால் கடிகாரத்தையே நம்பிவிடுகிறோம். டெல்லியில் பிரெட் சொதப்புவதற்கு முதல் காரணமே இதுதான்.

அந்த ஒரு மணி நேரம் 25 முதல் 28 டிகிரி வரை இருக்கும் சமையலறைக்கான கணக்கு. ஜனவரியில் இங்கே 15 டிகிரிக்கும் கீழே இறங்கும். மூன்று மணி நேரம்கூடப் பிடிக்கலாம். ஜூனில் 40 நிமிடத்திலேயே தயாராகிவிடும். அதற்கு மேல் விட்டால் புளித்த வாடை வந்து, ஓவனில் அமுங்கிப்போகும். அதனால் மாவைப் பாருங்கள். முதல் தடவை இரு மடங்காக வேண்டும். டின்னில் வைத்த பிறகு, மைதா தொட்ட விரலால் மெல்ல அழுத்துங்கள். பள்ளம் சட்டென்று மறைந்தால் இன்னும் பொறுக்க வேண்டும். மெதுவாக எழும்பி லேசான தடம் மட்டும் நின்றால் உடனே ஓவனுக்குப் போகலாம். பள்ளம் அப்படியே கிடந்தால் நேரம் தாண்டிவிட்டது. மறுபடி பிசைந்து உருட்டி வைத்தால் ஓரளவு தேறும்.

அடுத்தது தண்ணீர். குளிருக்குப் பயந்து கீசர் தண்ணீரை அப்படியே ஊற்றிவிடுகிறார்கள். அது 60 டிகிரி வரை போகும். அந்தச் சூட்டில் மாவை எழுப்பும் ஈஸ்ட் செத்துவிடும். விரலுக்கு இதமாக, 35 டிகிரி அளவில் இருந்தால் போதும். கோடையில் கதை நேர்மாறு. மொட்டை மாடித் தொட்டியில் காய்ந்த தண்ணீர் குழாயிலேயே சுடச்சுட வருகிறது. அப்போது பிரிட்ஜ் தண்ணீர்தான் சரி. லூ எனும் கோடை அனல்காற்று வீசும் நாட்களில் மாவை ஈரத்துணி போட்டு மூடாவிட்டால் மேலே தோல் காய்ந்து ஏடு கட்டும், மாவு எழும்பாது.

மைதாவுக்குச் சொன்ன அளவை ஆட்டாவுக்கு அப்படியே போடுவது இன்னொரு தவறு. 500 கிராம் மைதாவுக்கு 300 முதல் 325 மில்லி தண்ணீர் போதும். அதே எடை சக்கி ஆட்டா (கல் இயந்திரத்தில் அரைத்த முழுக் கோதுமை மாவு) 375 மில்லி வரை குடிக்கும். தண்ணீர் கலந்து அரை மணி நேரம் மூடி வைத்துப் பிறகு பிசையுங்கள். தவிடு ஊறினால்தான் மாவு கிழியாமல் இழுபடும். முழு ஆட்டா பிரெட் மைதா பிரெட் போல உப்பாது, அது தவிடு நீக்காத முழுக் கோதுமையின் இயல்பு. முதலில் பாதிக்குப் பாதி கலந்து செய்வதே நல்லது என்பேன்.

கப்பால் அளக்காதீர்கள். ஒரே கப்பில் 120 கிராமும் பிடிக்கும், அழுத்தி அள்ளினால் 150 கிராமும் பிடிக்கும். சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கிவிடுங்கள். 500 கிராம் மாவுக்கு 10 கிராம் உப்பு, 7 கிராம் இன்ஸ்டன்ட் ஈஸ்ட். உப்பைக் குறைத்தால் ருசி மட்டுமா போகும், மாவும் கட்டுக்கடங்காமல் பொங்கும்.

ஓடிஜி எனும் சின்ன மின்சார ஓவனை 200 டிகிரியில் 20 நிமிடமாவது சூடேற்றிய பிறகே டின்னை வையுங்கள். வெந்ததும் கம்பித்தட்டில் ஒரு மணி நேரம் ஆறட்டும்; சூட்டோடு வெட்டினால் உள்ளே பிசுபிசுக்கும். மீந்ததை பிரிட்ஜில் வைக்காதீர்கள், அங்கேதான் சீக்கிரம் விறைத்துப்போகும். மழைக்கால ஈரத்தில் வெளியே வைத்தால் பூசணம் பிடிக்கும் என்பதால், துண்டு போட்டு ஃப்ரீசரில் வைத்து, வேண்டும்போது தோசைக்கல்லில் வாட்டிக்கொள்ளுங்கள்.