‘எத்தனை பிளாக்?’: இதய ரத்தக்குழாய் நோயில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இதய ரத்தக்குழாய்களைப் படம் பிடிக்கும் ஆஞ்சியோகிராம் சோதனையை முடித்து வெளியே வரும் டாக்டரிடம் உறவினர்கள் முதலில் கேட்பது, "எத்தனை பிளாக்? எத்தனை பர்சென்ட்?" என்பதுதான். இயல்பான கேள்விதான். ஆனால் இந்த நோயில் நடக்கும் தவறுகள் பலவற்றுக்கு வேர் அங்கேயே இருக்கிறது. தண்ணீர்க் குழாயில் பாசி அடைத்ததுபோல, எடுத்துவிட்டால் தீர்ந்தது என்று நினைக்கிறோம். உண்மையில் இது குழாயின் சுவருக்குள்ளேயே கொழுப்பும் அழற்சியும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வளரும் நோய். உள்வழி 70 சதவீதம் அளவுக்குக் குறுகினால் மாடி ஏறும்போது நெஞ்சு இறுக்கும், நின்றால் விட்டுவிடும். மாரடைப்பு வரும் விதம் வேறு. கொழுப்புத் திட்டின் மேல்சவ்வு கிழிகிறது, கிழிந்த இடத்தில் ரத்தம் உறைகிறது, சில நிமிடங்களில் குழாய் மூடிவிடுகிறது. அந்தத் திட்டு முந்தைய நாள் வரை வெறும் 40 சதவீத அடைப்பாகக்கூட இருந்திருக்கலாம்.

"போன மாதம்தான் டிரெட்மில் டெஸ்ட் நார்மல்னு சொன்னாங்க" என்று அதிர்ந்து நிற்கும் குடும்பங்கள் பல. டிரெட்மில் காட்டுவது ஓடும்போது இதயத் தசைக்கு ரத்தம் போதாமல் போகிறதா என்பதை மட்டுமே. சிறிய திட்டுகள் அதன் கண்ணில் படாது. பெரிய அடைப்பு உள்ளவர்களிலேயே ஏறக்குறைய மூன்றில் ஒருவரை அது தவறவிடும். அந்த ரிப்போர்ட்டைக் காட்டி இன்றைய நெஞ்சுவலியை ஒதுக்கக் கூடாது. வலி இருக்கும்போதே டிரெட்மில்லில் ஏற்றுவது அதைவிட ஆபத்து.

அடுத்த தவறு, மாரடைப்பு வலியை ‘கேஸ்’ என்று ஒதுக்குவது. இதயத்தின் அடிப்பகுதி, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தின் மேல் அமர்ந்திருக்கிறது. அங்கே ரத்தம் தடைபட்டால் வலி மேல்வயிற்றில் தெரியலாம், குமட்டலும் ஏப்பமும் வரலாம். சோடா குடித்து ஏப்பம் விட்டதும் லேசானதுபோல் இருக்கும். அது எதையும் நிரூபிக்காது. நெஞ்சின் நடுவிலோ மேல்வயிற்றிலோ அழுத்தம், அது தாடைக்கோ தோளுக்கோ கைக்கோ பரவுதல், கூடவே குளிர்ந்த வியர்வை என்று 10 நிமிடம் தாண்டினால் 108-ஐ அழையுங்கள். பைக்கை எடுத்துக்கொண்டு தானே போகக் கூடாது. வழியில் இதயத் துடிப்பு தாறுமாறானால் காப்பாற்ற, மின் அதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்கும் டீஃபிப்ரிலேட்டர் வேண்டும். நீண்டநாள் சர்க்கரை நோயாளிகளுக்கு வலியே இல்லாமல் திடீர் மூச்சுத்திணறலும் அசதியும் மட்டும் வரலாம். பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் இப்படி நேர்வதுண்டு. பல வீடுகளில் அம்மாவைக் கடைசியில்தான் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறார்கள் என்பது வேதனையான உண்மை.

ஒரே ஒரு ஈசிஜி நார்மல் என்றதும் ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பப்பட்டவர்கள் மறுநாள் திரும்பி வருவதுண்டு. முதல் ஈசிஜி மாரடைப்பிலும் சாதாரணமாக இருக்கலாம். வலி தொடர்ந்தால் முதல் ஒரு மணி நேரத்தில் 15 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்ப எடுக்க வேண்டும். இதயத் தசை சேதமானால் கசியும் டிரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் ஏறவும் நேரமாகும். வலி தொடங்கி ஒரு மணி நேரத்தில் எடுத்த சோதனை நெகட்டிவ் என்றால், சோதனையின் வகையைப் பொறுத்துச் சில மணி நேரம் கழித்து மறுபடி பார்த்தே ஆக வேண்டும். "இன்னொரு முறை எடுத்துப் பாருங்கள்" என்று கேட்க நோயாளிக்கு முழு உரிமை உண்டு.

ரத்தக்குழாயை விரிக்கும் சார்பிட்ரேட் மாத்திரையை நாக்கடியில் வைத்து வலி குறைந்தால் இதயவலி, குறையாவிட்டால் கேஸ் என்பதும் தவறான கணக்கு; உணவுக்குழாய் இறுக்க வலியும் அதில் குறையும். ரத்த அழுத்தம் சரிந்துவிடக்கூடிய மாத்திரை அது. நின்றுகொண்டு போடக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் சில்டெனாஃபில், 48 மணி நேரத்துக்குள் டடலாஃபில் (இரண்டும் ஆண்களின் விறைப்புக் குறைபாட்டுக்கான மாத்திரைகள்) எடுத்தவர் தொடவே கூடாது. மாரடைப்பில் உயிர் காப்பதாக நிரூபணமானது ஆஸ்பிரின், 300 மி.கி., விழுங்காமல் மென்று சாப்பிட வேண்டும். ஒவ்வாமையோ ரத்தக்கசிவோ உள்ளவர்களுக்கு அது கூடாது. 2023-இல் தொடங்கிய ‘இதயம் காப்போம்’ திட்டத்தில் தமிழக ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே ரத்தம் உறைவதைத் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், கொழுப்பைக் குறைக்கும் அட்டோர்வாஸ்டாடின் ஆகியவற்றின் முதல் டோஸ் கொடுக்கிறார்கள். பக்கத்து ஊர் நிலையத்தைத் தாண்டி நேராகப் பெருநகரத்துக்கு ஓடுவது அந்த வாய்ப்பை இழப்பதுதான். ஈசிஜியில் முழு அடைப்பு தெரிந்து, 120 நிமிடத்துக்குள் ஆஞ்சியோபிளாஸ்டி (குழாய்க்குள் பலூன் விட்டு அடைப்பை விரிப்பது) செய்யும் இடத்தை எட்ட முடியாது என்றால், உறைவைக் கரைக்கும் ஊசியைக் கிடைக்கும் இடத்திலேயே போட்டுவிட்டுப் பிறகு நோயாளியை அங்கே மாற்றுவதே சரி. அந்த ஊசி முதல் 3 மணி நேரத்தில் நன்றாக வேலை செய்யும், 12 மணி நேரத்துக்குப் பின் பெரிதாகப் பயன் இல்லை.

மாரடைப்பின்போது ஸ்டென்ட் (குழாயைத் திறந்து வைக்கும் சிறு வலைக்குழல்) உயிர் காக்கும். நடந்தால் மட்டும் வலிக்கும் நிலையான நோயில் கதை வேறு. 2007-இல் வந்த ‘கரேஜ்’ ஆய்விலும், 5,179 பேரைச் சேர்த்து 2020-இல் வெளியான ‘இஸ்கீமியா’ ஆய்விலும், நல்ல மருந்துச் சிகிச்சையோடு ஸ்டென்டோ பைபாஸோ சேர்த்தது இறப்பைக் குறைக்கவில்லை, வலியைக் குறைத்தது. இடது முதன்மைக் குழாய் அடைப்பு, இதயத்தின் பலவீனமான பம்பிங், மருந்துக்கு அடங்காத வலி ஆகியவை விதிவிலக்கு. பர்சென்ட்டைக் கேட்டுப் பயந்து அன்றைக்கே கையெழுத்துப் போட வேண்டியதில்லை.

ஸ்டென்ட் வைத்தபின் நடக்கும் தவறுகள்தான் மனதை அதிகம் வருத்துபவை. பல் பிடுங்க வேண்டும் என்று குளோபிடோக்ரெலை நான்கு நாள் நிறுத்துவது அதில் ஒன்று. ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்தால் அது இன்னொரு பெரிய மாரடைப்பு. மாரடைப்புக்குப் பின் பொதுவாக 12 மாதம் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் என்ற இரண்டு மாத்திரையும் வேண்டும். நிறுத்தச் சொல்வது இதய மருத்துவராக மட்டுமே இருக்கட்டும். வயிற்றெரிச்சலுக்கு ஒமெப்ரசோல், எசொமெப்ரசோல் போட்டால் குளோபிடோக்ரெலின் வேலை குறையும், பாண்டோபிரசோல் பரவாயில்லை. முட்டிவலிக்கு டைக்ளோஃபெனாக், ஐபுப்ரொஃபென் வாங்கிப் போடக் கூடாது.

லேப் ரிப்போர்ட்டில் எல்டிஎல் (கெட்ட கொழுப்பு) 100-க்குக் கீழே ‘நார்மல்’ என்று அச்சிட்டிருப்பது நோய் இல்லாதவர்களுக்கானது. அடைப்பு உறுதியானவர்களுக்கு 70-க்குக் கீழே, பல வழிகாட்டுதல்களின்படி 55-க்குக் கீழே வர வேண்டும். இலக்கை எட்டிவிட்டதே என்று ஸ்டாடினை (அட்டோர்வாஸ்டாடின் போன்ற கொழுப்பு மாத்திரை) நிறுத்தினால் சில வாரங்களில் பழைய அளவுக்கே ஏறிவிடும். கொழுப்பைக் குறைப்பதோடு திட்டின் மேல்சவ்வைத் தடிமனாக்கிக் கிழியாமல் காப்பதும் ஸ்டாடின்தான். டோஸை இரட்டிப்பாக்கினால் எல்டிஎல் சுமார் 6 சதவீதம்தான் கூடுதலாகக் குறையும். போதவில்லை என்றால் எசெடிமைப் என்ற இன்னொரு கொழுப்பு மாத்திரையை 10 மி.கி. சேர்ப்பார்கள். தசைவலி வந்தால் தானாக விட்டுவிடாமல் சொல்லுங்கள், மாற்று உண்டு.

பூண்டு, இஞ்சி, எலுமிச்சை, வினிகர், தேன் கலந்த கஷாயம் அடைப்பைக் கரைக்கும் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் குறிப்புக்கும் இதே பதில்தான்: திட்டு இருப்பது சுவருக்குள், எந்தக் கஷாயமும் அதைக் கழுவாது. பிடித்தால் குடியுங்கள், மாத்திரைக்குப் பதிலாக வேண்டாம். பூண்டை அளவுக்கு மீறி எடுத்தால் ரத்தம் இளக்கும் மாத்திரைகளோடு சேர்ந்து ரத்தக்கசிவைக் கூட்டலாம் என்பதையும் டாக்டரிடம் சொல்லி வையுங்கள்.