மாரியில் சைக்கிள் ஏன் இழுக்குது, என்ன செய்யலாம்

யாழ்ப்பாணத்தில் ஐப்பசி, கார்த்திகை வந்தால் 40 நிமிடத்தில் முடிகிற வேலைப் பயணம் 50 நிமிடம் இழுக்கும். பழியைக் குளிரில் போட வேண்டாம். குளிர்ந்த காற்று அடர்த்தி கூடியது என்பது உண்மைதான். 30 பாகைக்கும் ரொறன்ரோ வின்ரரின் சைபருக்குக் கீழ் 10 பாகைக்கும் இடையில் அந்த வித்தியாசம் ஏறக்குறைய 15 சதவீதம். எங்கள் மார்கழி விடியலில், 23 பாகை என்று வைத்தால், இரண்டரை சதவீதம்கூட வராது. ரயரிலும் 50 பீஎஸ்ஐ (காற்றழுத்த அளவு) காற்று ஒன்றரை பீஎஸ்ஐ அளவுதான் குறையும்.

வேகத்தைத் தின்பது வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக்காற்று. மணிக்கு 15 கிலோமீற்றரில் ஓடும்போது எதிரே 10 கிலோமீற்றர் காற்று அடித்தால், உடம்பு வெட்டிக்கொண்டு போவது 25 கிலோமீற்றர் காற்றை. தடை வேகத்தின் வர்க்கத்தோடு கூடுவதால் அது கிட்டத்தட்ட 2.8 மடங்காகிவிடும். அதே மிதிக்கு வேகம் 12 ஆக இறங்கினால் 10 கிலோமீற்றருக்கு 10 நிமிடம் கூடப் போகும்.

ஆகவே முதலில் உங்கள் பாதையின் திசையைப் பாருங்கள். நகரத்திலிருந்து வடகிழக்கே நெல்லியடிப் பக்கம் போகிறவருக்கு விடியவே எதிர்க்காற்று. வல்லைவெளியில் ஒதுங்க மரமும் இல்லை, மதிலும் இல்லை. மேற்கே வேலணையிலிருந்து கடலுக்கு நடுவே போகும் பண்ணைப் பாலத்தால் வருகிறவருக்கும் அதே கதி. வடக்கே இருக்கும் சுன்னாகத்தார் விடியக் காற்றோடு வந்து பின்னேரம் அதோடு மல்லுக்கட்டுவார்கள். எதிர்க்காற்று விழும் பக்கத்துக்கு மட்டும் கால்மணி நேரம் கூட ஒதுக்குங்கள். வெளியான இடத்தில் முழங்கையை மடித்துக் குனிந்து ஓடுங்கள். காற்றில் ஊதிப் பெருக்கும் அகலமான மழைப் போர்வையை விட உடம்போடு ஒட்டும் றெயின்கோட் நல்லது.

கியர் இல்லாத சைக்கிளில் எதிர்க்காற்றுத்தான் முழங்காலைப் பழுதாக்கும். பின் பிறீவீல் (பின்சில்லின் பல்சக்கரம்) 18 பல்லாக இருந்தால் மாரிக்கு 20 பல் போடுவிக்கலாம். மிதி 10 சதவீதம் இலகுவாகும். பின்சில்லை 6 மில்லிமீற்றர் அளவு முன்னே தள்ளினால் பழைய செயினே பெரும்பாலும் காணும். சில்லு நகர்ந்தால் பிறேக் கட்டை றிம்மில் படும் இடமும் மாறும், அதையும் சரிபார்க்கச் சொல்லுங்கள். சோளகம் (தென்மேற்குக் காற்று) தொடங்கியதும் திரும்ப 18 போடத் தேவையில்லை. அந்தக் காற்றும் லேசுப்பட்டதல்ல.

அடுத்தது பிறேக். குறோம் பூசிய இரும்பு றிம் நனைந்தால் சைக்கிள் நிற்கும் தூரம் இரண்டு மடங்குக்கு மேல் போகும். காரணம், கட்டைக்கும் றிம்முக்கும் நடுவில் நிற்கும் தண்ணீர்ப் படலம். முடக்கு வருவதற்கு முன்பே இரண்டு பிறேக்கையும் மெல்லத் தொட்டு, சில்லு இரண்டு மூன்று சுற்றுச் சுற்றும் வரை தண்ணீரை வழித்துவிட்டுப் பிறகு அழுத்துங்கள். கட்டைக்கும் றிம்முக்கும் இடைவெளி 2, 3 மில்லிமீற்றர் இருந்தால் போதும். கட்டையின் வெட்டுக்குள் செம்மண்ணும் மணலும் ஏறி றிம்மை அராவும். கிழமைக்கு ஒருக்கா ஊசியால் கிண்டி எடுங்கள். வெட்டே தெரியாமல் தேய்ந்திருந்தால் மாற்றவேண்டியதுதான். கொக்குவில், கோண்டாவில் ரயில் கடவைகளில் நனைந்த தண்டவாளத்தை நேர்குறுக்காகக் கடவுங்கள். அதற்கு மேலே பிறேக்கைத் தொடவே வேண்டாம், ஹான்டிலையும் திருப்ப வேண்டாம்.

பஞ்சர் மழைக்குத்தான் கூட. வெள்ளம் முள்ளையும் போத்தல் துண்டையும் வீதிக்குக் கொண்டுவரும், ஈர றப்பரைக் கண்ணாடி லேசாக வெட்டும். ஒட்டு நிற்காமல் போவதற்கு வழமையான காரணம் ஈரம். ரியூப்பைத் துணியால் துடைத்து, ஓட்டையைச் சுற்றி ஒட்டுத்துண்டை விடச் சற்று அகலமாக அரத்தாளால் தேய்த்து, தூசியைத் தட்டி, மெல்லிதாக சொலூசன் பூசுங்கள். பளபளப்பு மறையும் வரை, மழைக்கால ஈரக்காற்றில் 5 நிமிடமாவது, பொறுத்துத்தான் ஒட்ட வேண்டும். ஊதக் கூடாது, மூச்சிலும் ஈரம் இருக்கு. ஒட்டினபின் ரயரின் உள்பக்கத்தை விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். குத்தினது அங்கேயே நின்றால் அடுத்த ஒழுங்கையிலேயே திரும்பக் காற்றுப் போகும்.

ரயர் காற்றைப் பத்து நாளுக்கு ஒருக்கா ஏற்றுங்கள். பக்கத்தில் அடித்திருக்கும் உச்ச அளவைத் தாண்டாமல், பின்னுக்குக் கொஞ்சம் கூடவும் முன்னுக்குக் கொஞ்சம் குறையவும் இருக்கட்டும். குறைந்த காற்றோடு கிடங்கில் விழுந்தால் றிம் ரியூப்பை நசுக்கி, பாம்பு கடித்தமாதிரி இரண்டு ஓட்டை போடும்.

நவம்பரில் 5.45 அளவில் பொழுது சாய்ந்துவிடும். நனைந்த ரயரில் டைனமோ வழுக்கும், வெளிச்சம் விட்டுவிட்டு வரும். பற்றறி லைற் ஒன்று முன்னுக்கு, சிவப்பு ஒன்று பின்னுக்கு.

வெள்ளம் நிற்கும் வீதியில் ஓரம் தெரியாவிட்டால் இறங்கி உருட்டுங்கள், வாய்க்கால் மூடி இல்லாத இடம் தண்ணீருக்குள் தெரியாது. சில்லின் அச்சு தாழ்ந்த அளவுக்கு வெள்ளத்தில் ஓடியிருந்தால் உள்ளே கிறீஸ் கழுவுப்பட்டிருக்கும். சில்லைக் கையால் சுற்றும்போது கரகரத்தால் கழற்றிப் புதுக் கிறீஸ் வைப்பியுங்கள். செயினுக்குக் கிறீஸ் பூசுகிறவர்கள் மண்ணை ஒட்டவைக்கிறார்கள். மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்து, காயவிட்டு, ஒவ்வொரு உருளைக்கும் ஒரு துளி எண்ணெய் விட்டு, மிதியைப் பின்னோக்கிச் சுற்றி, வெளியே வழிவதைத் துடைத்துவிடுங்கள். பண்ணைப் பாலத்தால் ஓடுகிறவர்கள் அதற்கு முன் நல்ல தண்ணீரால் செயினையும் றிம்மையும் கழுவவேண்டும். உப்புக்கு மேல் எண்ணெய் விட்டால் துரு உள்ளேயே இருந்து தின்னும்.