மேட்ச் நாளில் வீட்டில் சொல்ல வேண்டிய நேரம்

கால்பந்து 90 நிமிட ஆட்டம்தான். ஆனால் டிவி முன் உட்காரும்போது வீட்டில் "ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடுகிறேன்" என்று சொல்லாதீர்கள். இடைவேளை 15 நிமிடம், காயத்துக்கும் தாமதத்துக்கும் சேர்க்கும் நிமிடங்கள் என்று பார்த்தால் இரண்டு மணி நேரம் ஆகிவிடும். அதையே சொல்லுங்கள். தோற்றால் வெளியேற வேண்டிய நாக் அவுட் ஆட்டமா? சமநிலையில் முடிந்தால் இன்னும் 30 நிமிடம், அப்புறம் பெனால்டி ஷூட் அவுட்டும் வரலாம்.

இடைவேளையில் மட்டும் போனைத் தொடாதீர்கள். அந்த 15 நிமிடமும் பிள்ளைகளுக்கு. பந்தைக் கொடுக்கும் நேரத்தில் எதிரணித் தடுப்பாளர்களைத் தாண்டி கோல் பக்கம் நிற்கக் கூடாது என்ற ஆஃப்சைடு விதியை என் மகளுக்குச் சாப்பாட்டு மேசையில் ஸ்பூன்களை வைத்துத்தான் புரியவைத்தேன். உப்பு டப்பாதான் கோல்கீப்பர். இப்போதெல்லாம் நடுவர் விசில் ஊதுவதற்கு முன்பே அவள் கையைத் தூக்கிவிடுகிறாள். கோலைவிட எனக்கு அதுதான் பெரிய சந்தோஷம்.