பெரெஸ்கியாப்சிஸ் மேல கள்ளி நாத்து ஒட்டுக்கட்டுறது எப்படி (சென்னை மாடிக்கு)

விதை போட்டு கள்ளி வளர்க்குறவங்க வீட்டுல கண்டிப்பா இருக்க வேண்டிய செடி பெரெஸ்கியாப்சிஸ். மெக்சிகோ, குவாத்தமாலா பக்கம் வறண்ட புதர்க்காட்டுல வர்ற இலைக்கள்ளி, நம்ம சப்பாத்திக்கள்ளிக்கு சொந்தம்தான், ஆனா பச்சை இலையோட ஏதோ வேலிச்செடி மாதிரி நிக்கும். சொந்த வேர்ல வருஷக்கணக்கா எடுக்குற வளர்ச்சிய, இது மேல ஒட்டின நாத்து சில மாசத்துலயே காட்டிடும்.

கள்ளிதானேன்னு தண்ணியில்லாம காயப் போடாதீங்க, இலையைக் கொட்டிட்டு வளர்றத நிறுத்திடும், அப்படி நிக்குற செடியில ஒட்டு பிடிக்கிறது ரொம்ப கஷ்டம். ஒரு சாண் துண்டு வெட்டி, ஒரு நாள் நிழல்ல வெச்சிட்டு, கோகோபீட்டும் ஆத்து மணலும் கலந்து நட்டுடுங்க, நம்ம ஊரு சூட்டுக்கு ரெண்டு வாரத்துல வேர் வந்துடும். மேல்மண் லேசா காயும்போதெல்லாம் தண்ணி விடுங்க. கத்திரி வெயில்ல ஷேட் நெட் அடியில, ஐப்பசி கார்த்திகை மழையில தொட்டியில தண்ணி தேங்காத இடத்துல, அவ்ளோதான்.

நுனியில புதுத் துளிர் ஓடுறப்பதான் ஒட்டணும். புது பிளேடை ஸ்பிரிட்ல துடைச்சு, நுனிக்கு கொஞ்சம் கீழ, தண்டு இன்னும் இளசா இருக்குற இடத்துல நேரா ஒரே வெட்டு. நாத்தையும் வேருக்கு மேல அதே மாதிரி வெட்டி உடனே மேல உக்கார வைங்க, காய விட்டா போச்சு. ரெண்டு வெட்டுலயும் நடுவுல சின்ன வளையம் தெரியும், அது ரெண்டும் எங்கயாவது ஒரு இடத்துலயாவது ஒண்ணை ஒண்ணு தொடணும், இதுல மட்டும் அவசரப்படாதீங்க. பொடி நாத்துக்கு நூல் கட்டவே வேணாம், பிசுபிசுப்பே பிடிச்சுக்கும், மெதுவா அழுத்தினா போதும்.

அப்புறம் வாட்டர் பாட்டிலை பாதியா வெட்டி கவுத்து, வெயில் படாத இடத்துல நாலஞ்சு நாள் வைங்க, பிறகு கொஞ்சம் கொஞ்சமா திறந்து பழக்குங்க. பெரெஸ்கியாப்சிஸ் தண்டுல பக்கத்துளிர் வந்தா கிள்ளிடணும், இல்லன்னா சத்தெல்லாம் அதுக்குத்தான் போகும். கிள்ளும்போது கிளவுஸ் போடுங்க, இலைக்கணுல இருக்குற பொடி முள்ளு கண்ணுக்கே தெரியாது, குத்தினா செலோடேப் ஒட்டி எடுக்கலாம், அந்தக் கையால கண்ணை மட்டும் தேய்க்காதீங்க.

நாத்து குண்டானதும் இந்த ஒல்லித் தண்டு தாங்காது, டிராகன் ஃப்ரூட் தண்டு மேல மாத்திக் கட்டிடுங்க. மிச்சம் நிக்குற அடித்தண்டு திரும்பத் துளிர்க்கும், அதுல அடுத்த நாத்தை ஒட்டலாம்.