இபி-1ஏ போடப் போகிறவர்களுக்கு: விருதைக் காசு கொடுத்து வாங்காதீர்கள்

எச்-1பி வேலை விசாவில் அமெரிக்கா வந்து இறங்கி, வீடு பிடித்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து மூச்சு விடுவதற்குள் யாராவது ஒருவர் உங்களிடம் இபி-1ஏ பற்றி, அதாவது அசாதாரணத் திறமை உள்ளவர்களுக்கான கிரீன் கார்டு வழியைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். கம்பெனி தயவு வேண்டாம், கம்பெனி வாங்கித் தரும் பெர்ம் என்ற தொழிலாளர் சான்று வேண்டாம், நமக்கு நாமே ஐ-140 மனு போட்டுக்கொள்ளலாம் என்பார். அவர் சொல்வது அத்தனையும் உண்மை. ஆனால் அதே வழியில் போன என் நண்பர் ஒருவர் வசமாக மாட்டிக்கொண்டார், இன்னும் மீளவில்லை. புதிதாக வருகிறவர்கள் அவர் மாட்டிய இடத்தில் மாட்டக்கூடாது என்றுதான் இதை எழுதுகிறேன்.

முறையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நோபல் போன்ற உலகறிந்த பரிசு ஒன்று கையில் இருந்தால் அதுவே போதும். இல்லையென்றால் பத்து அளவுகோல்களில் குறைந்தது மூன்றைக் காட்ட வேண்டும்: விருது, தேர்ந்தெடுத்துச் சேர்க்கும் சங்கத்தில் உறுப்பினர், உங்களைப் பற்றிப் பத்திரிகையில் வந்தது, பிறர் வேலையை மதிப்பிட்டது, துறையையே மாற்றிய பங்களிப்பு, ஆய்வுக் கட்டுரைகள், முக்கியப் பொறுப்பு, அதிகச் சம்பளம், இப்படி. மூன்று தேறினால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். 2010இல் வந்த கஸாரியன் தீர்ப்புக்குப் பிறகு இரண்டாவது படி ஒன்று இருக்கிறது. எல்லாவற்றையும் மொத்தமாக வைத்து, இவர் உண்மையிலேயே தன் துறையின் உச்சியில் இருக்கும் சிலரில் ஒருவரா என்று அதிகாரி பார்ப்பார். பெரும்பாலானவர்கள் அங்கேதான் விழுகிறார்கள்.

இந்தியாவில் பிறந்தவர்கள் இதை ஏன் இப்படித் துரத்துகிறோம் என்பது தெரிந்ததுதான். கம்பெனி வழியாகப் பலர் போடும் இபி-2 பிரிவில் கிரீன் கார்டு வரிசை பத்து வருஷத்துக்கு மேல் இழுக்கிறது. இபி-1லும் வரிசை உண்டு, 2025இல் பெரும்பாலான மாதங்கள் தேதி 2022 பிப்ரவரியிலேயே நின்றது, அதாவது அதற்கு முந்தைய தேதி உள்ளவர்களுக்குத்தான் முறை வந்தது. ஆனால் கம்பெனி போட்டு ஏற்கெனவே அப்ரூவ் ஆன இபி-2 இருந்தால், அந்தப் பழைய பிரையாரிட்டி டேட்டை, அதாவது வரிசையில் நம் இடத்தைக் காட்டும் தேதியை, இபி-1க்கு எடுத்துக்கொள்ளலாம். 2014 தேதி வைத்திருப்பவருக்கு இபி-1ஏ கிடைத்தால் காத்திருக்கவே வேண்டாம். இன்னொன்று, வரிசை பிறந்த நாட்டை வைத்துத்தான், பாஸ்போர்ட்டை வைத்து அல்ல. கணவனோ மனைவியோ இலங்கையிலோ மலேசியாவிலோ பிறந்தவர் என்றால் அவர் பிறந்த நாட்டின் கணக்கில் இருவருமே போகலாம். நம் குடும்பங்களில் இப்படி எத்தனையோ கல்யாணங்கள் இருக்கின்றன, இதைக் கேட்டுப் பார்க்காமலேயே வருஷக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

சரி, நண்பர் கதைக்கு வருகிறேன். திருச்சியில் படித்தவர், டாலஸ் பக்கம் இருக்கிறார். கார்டு பணப் பரிமாற்றத்தில் நடக்கும் மோசடியைக் கண்டுபிடிக்கும் மென்பொருளில் கெட்டிக்காரர், அவர் பெயரில் பேடன்ட் இருக்கிறது. மூத்தவளுக்கு இருபத்தொன்று ஆகிவிட்டால் அவள் அவர் மனுவில் சேர முடியாமல் போகலாம், அதற்குள் கிரீன் கார்டு வந்துவிட வேண்டும் என்ற பதற்றம் அவருக்கு. அந்த நேரம் பார்த்து வாட்ஸ்அப் குழுவில் ஒரு ஏஜென்சி வந்தது. "ப்ரொஃபைல் பில்டிங்" என்றார்கள். ஒரு விருது, அவரைப் பற்றிப் பத்திரிகையில் இரண்டு கட்டுரை, ஒரு ஹேக்கத்தான் நடுவர் பதவி, ஐந்து சிபாரிசுக் கடிதம், எல்லாம் சேர்த்து ஒரு தொகை. அவரும் கட்டினார்.

விருது தபாலில் வந்தது. கண்ணாடிக் கேடயம், கறுப்புப் பீடம், அதில் அவர் இனிஷியலே தப்பு. அதைப் பார்த்தபோதே எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஊரில் காசு கொடுத்தால் பொன்னாடையும் பட்டமும் கிடைக்கும் என்பது நமக்குப் பழகிப்போன விஷயம். 2023இல் அண்ணா பல்கலைக்கழக அரங்கத்தை வாடகைக்கு எடுத்தே போலி கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தார்கள். அங்கே அது இரண்டு நாள் செய்தி. இங்கே அது உங்கள் ஃபைலில் ஏறிவிடும்.

எல்லாவற்றையும் வைத்து அவர் மனு போட்டார். குடியேற்ற மனுக்களைப் பார்க்கும் அரசு அலுவலகமான யூஎஸ்சிஐஎஸ்ஸிடமிருந்து ஆர்எஃப்இ, அதாவது கூடுதல் ஆதாரம் கேட்கும் கடிதம் வந்தது. விருதுக்கு எத்தனை பேர் போட்டியிட்டார்கள், நடுவர்கள் யார், தேர்வு விதி என்ன, கட்டணம் வாங்கினார்களா என்று வரிசையாகக் கேள்வி. கட்டுரையில் எழுதியவர் பெயரே இல்லை, விதிப்படி தலைப்பு, தேதி, எழுதியவர் மூன்றும் வேண்டும். இரண்டு கடிதங்களில் ஒரே பத்தி கமா உட்பட அப்படியே இருந்தது. ஏஜென்சிக்குப் போன் போட்டால் எடுக்கவில்லை. கடைசியில் மறுத்துவிட்டார்கள்.

எனக்கு ஆத்திரம் இங்கேதான். அவருடைய பேடன்ட் உண்மை, வேலை உண்மை. ஆனால் ஒரு ஆதாரத்தில் சந்தேகம் வந்தால் மற்ற ஆதாரங்களையும் சந்தேகத்தோடு பார்க்கலாம் என்று 1988இலேயே மேட்டர் ஆஃப் ஹோ என்ற வழக்கில் சொல்லியிருக்கிறார்கள். குடம் பாலுக்குத் துளி விஷம் போதும் என்பார்களே, அதுதான் நடந்தது. மோசடி என்று எழுதாமல் விட்டதால் பழைய இபி-2ஆவது தப்பியது. தெரிந்தே பொய் சொன்னதாக எழுதியிருந்தால் வாழ்நாள் தடை வரை போயிருக்கும். இனி மறுபடி போட்டாலும், முன்பு மனு போட்டிருக்கிறீர்களா என்று ஐ-140 படிவமே கேட்கும், இந்தப் பழைய ஃபைலையும் எடுத்துப் பார்ப்பார்கள்.

நம் ஆட்களிடம் சரக்கு இல்லாமலா இருக்கிறது? இருப்பதைக் காகிதத்தில் சேர்த்து வைப்பதில்லை, அவ்வளவுதான். வந்த முதல் வருஷத்திலிருந்தே செய்யுங்கள். ஜர்னலுக்கு ரிவ்யூ செய்தால் அழைப்புக் கடிதம் மட்டும் போதாது, முடித்துக் கொடுத்ததற்கான மெயிலையும் வைத்துக்கொள்ளுங்கள். ஐஇஇஇ என்ற பொறியாளர் சங்கத்தில் சீனியர் மெம்பர் என்பதை மட்டும் நம்பிப் போகாதீர்கள், அனுபவமும் சிபாரிசும் இருந்தால் அது கிடைத்துவிடும்; வருஷத்துக்கு வாக்குரிமை உள்ள உறுப்பினர்களில் ஆயிரத்துக்கு ஒருவருக்கு மேல் போகாத ஃபெல்லோ பட்டத்தின் கனமே வேறு. டீமாக வாங்கிய விருதையும் 2024 அக்டோபரிலிருந்து கணக்கில் எடுக்கிறார்கள், அதனால் அதைத் தூக்கிப் போடாதீர்கள். சிபாரிசுக் கடிதம் உங்களோடு வேலை செய்யாத, ஆனால் உங்கள் வேலையைப் பயன்படுத்துகிற ஒருவரிடமிருந்து வரட்டும், அவரே எழுதட்டும். அப்புறம், கம்பெனி ஆவணம் எதையும் கேட்காமல் எடுக்க வேண்டாம். மேனேஜரிடம் கடிதமாகக் கேளுங்கள், அதுவும் அவர் வேலை மாறிப் போவதற்கு முன்னால்.

பொய் இருந்தால் தண்டனைக்கு உட்படுவேன் என்று அந்தப் படிவத்தில் கையெழுத்துப் போடுவது நீங்கள்தான். நேராக ஒரு இமிக்ரேஷன் வக்கீலிடம் போங்கள். இருப்பதை மட்டும் மேஜையில் வைத்து, இதற்கு என்ன ஆர்எஃப்இ வரும் என்று கேளுங்கள். இன்னும் இரண்டு வருஷம் பொறுங்கள் என்று அவர் சொன்னால் அந்த ஃபீஸைக் கொடுத்துவிட்டு வந்து பொறுங்கள்.